அவசரக் கருத்தடை மாத்திரை: கூட்டத்தில் எதை முதலில் சொல்வது?

கேள்வி: நான் சுகாதாரத் தன்னார்வலர். அடுத்த மாதம் இரண்டு கூட்டங்களில் அவசரக் கருத்தடை பற்றி, அதாவது பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு கருத்தரிக்காமல் இருக்கப் போடும் மாத்திரை பற்றிப் பேச வேண்டும். ஒன்று, நகரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில். இன்னொன்று, கிராமத்துப் பெண்களிடம். முன்கூட்டியே விசாரித்துப் பார்த்தேன். விடுதியில் எல்லோருக்கும் மாத்திரையின் பெயர் தெரிந்திருக்கிறது. ஒரு பெண், ஒரே மாதத்தில் மூன்று முறை போட்டதாகவும் மாதவிடாய் குழம்பிவிட்டதாகவும் சொன்னார். கிராமத்தில் ஒன்றிரண்டு பேர்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவர்களும் கருவைக் கலைக்கும் மாத்திரை என்றே நினைக்கிறார்கள். ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "பத்து நாள் ஆகிவிட்டது, இப்போது போடலாமா?" என்று கேட்டார். இரண்டு இடத்திலும் ஒரே உரையைப் பேசலாமா? எதை அழுத்திச் சொல்ல வேண்டும்?

பதில்: ஒரே உரை வேண்டாம் சகோதரி. சொல்ல வேண்டிய விவரம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான், ஆனால் தொடங்கும் இடம் வேறு. விடுதிப் பெண்களிடம் மாத்திரை எதைச் செய்யாது என்பதிலிருந்து தொடங்குங்கள். கிராமத்தில், அப்படி ஒரு மாத்திரை இருக்கிறது, அதற்குக் கெடு உண்டு என்பதிலிருந்து தொடங்குங்கள்.

"கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டு, உயர்ந்த கைகளை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். பெயர் தெரிவது வேறு, சரியாகப் பயன்படுத்தத் தெரிவது வேறு. பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கேளுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும்? போட்ட பிறகு நடக்கும் அடுத்த உறவுக்கும் அதே மாத்திரை காப்பா? போட்டபின் ரத்தப்போக்கு வராவிட்டால் என்ன அர்த்தம்? எழுதத் தெரியாதவர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இந்த மூன்றிலும் எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசினால், உங்கள் ஒரு மணி நேரம் வீணாகாது.

இரண்டு கூட்டத்திலும் விட்டுவிடக் கூடாத விவரம் ஒன்று உண்டு. உறவு நடந்த அந்த நிமிடமே கரு உண்டாகிவிடுவதில்லை. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. கருமுட்டையின் ஆயுளோ வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணி நேரம்தான். திங்கட்கிழமை உறவு நடந்து, வியாழக்கிழமை முட்டை வெளிவந்தால், கரு சேர்வது வியாழக்கிழமையன்று. இந்த இடைவெளியில்தான் மாத்திரைக்கு வேலை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனைத் திடீரென்று மிகுதியாகச் சுரக்கும். அந்த உந்துதலில்தான் சூலகத்திலிருந்து முட்டை வெளியே வரும். சுரப்பு ஏறத் தொடங்கும் முன்பே அவசர மாத்திரையில் இருக்கும் மருந்தான லெவோநார்ஜெஸ்ட்ரல் உடலுக்குள் போய்விட்டால், அந்த ஏற்றத்தை அமுக்கி முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும் அல்லது நிறுத்திவிடும். காத்திருக்கும் விந்தணு அதற்குள் செத்துப்போகும். ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் இந்த மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. "சீக்கிரம் போடு" என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். காரணத்தோடு சொன்னால் மனதில் தங்கும்.

இதை விளக்கிவிட்டால் கிராமத்தில் எழும் பெரிய கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். இது கருக்கலைப்பு மாத்திரை இல்லை. கரு ஏற்கெனவே பதிந்திருந்தால் லெவோநார்ஜெஸ்ட்ரல் அதைக் கலைக்காது, அந்தக் கருவுக்குக் கேடும் செய்யாது. கலைக்கப் பயன்படுத்துவது முற்றிலும் வேறு மருந்துகள்: மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால். இந்த வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர் மனம் நோகும்படி ஒரு சொல்லும் வர வேண்டாம்.

இனி விடுதிக் கூட்டம். உங்களிடம் பேசிய அந்தப் பெண்ணைக் கண்டிக்காதீர்கள். மூன்று முறை போட்டதால் கருப்பை கெட்டுவிடாது, பிற்காலத்தில் குழந்தை பிறப்பதற்கும் தடை வராது. ஒரே சுழற்சியில் மறுபடி போடக் கூடாது என்றும் விதி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை போடும்போதும் முட்டை வெளிவரும் நாள் நகர்ந்துகொண்டே போகும். இடையிடையே திட்டுத் திட்டாக ரத்தம் படும். எது மாதவிடாய், எது மருந்தின் விளைவு என்று அவருக்கே தெரியாமல் போகும். அதைவிட முக்கியமானது, மாத்திரை போட்டும் கருத்தரிக்க ஒரு முறைக்கு இருக்கும் சின்ன வாய்ப்பு மூன்று முறையும் சேர்ந்து பெரிதாகிறது. அவருக்குத் தேவை தினசரி மாத்திரை, ஊசி, காப்பர் டி, ஆணுறை என அவருக்குப் பொருந்தும் வழக்கமான முறை ஒன்று. திட்டி அனுப்பினால் அடுத்த முறை அவர் யாரிடமும் கேட்க மாட்டார்.

படித்த பெண்களே அதிகம் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கரும்பலகையில் 28 நாள் சுழற்சி ஒன்றை வரைந்து காட்டுங்கள். 10-ஆம் நாள் இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. 11-ஆம் நாள் காலை மாத்திரை போட்டுவிட்டாள். மிகச் சரியாகச் செய்தாள். 14-ஆம் நாள் வர வேண்டிய முட்டை தள்ளிப்போனது. "அதுதான் மாத்திரை போட்டாயிற்றே" என்ற நம்பிக்கையில் 15-ஆம் நாள் பாதுகாப்பில்லாமல் உறவு. தள்ளிப்போன முட்டை 17-ஆம் நாள் வெளிவருகிறது. அங்கே 15-ஆம் நாளின் விந்தணு காத்திருக்கிறது. நாள் தள்ளிப்போன பிறகு, மாத்திரை பொய்த்துவிட்டது என்கிறாள். மாத்திரை பொய்க்கவில்லை. அது முட்டையைத் தள்ளிப்போட்டது, தள்ளிப்போன அந்த நாளுக்குக் காவல் யாரும் இல்லை. போட்ட நேரத்துக்கு முன்னால் நடந்ததற்குத்தான் இந்த மாத்திரை, பின்னால் நடப்பதற்கு இல்லை. அடுத்த மாதவிடாய் வரும் வரை ஆணுறை வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட அன்றே தினசரி மாத்திரையைத் தொடங்கலாம், ஆனால் முதல் 7 நாள் ஆணுறையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ரத்தப்போக்கு பற்றிய குழப்பமும் நகரத்தில்தான் அதிகம். மாத்திரை போட்டால் உடனே மாதவிடாய் வந்தாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று நாளில் வரவில்லை என்று பதறி இன்னொரு மாத்திரை போடுகிறார்கள். மாறாக, லேசாக ரத்தம் பட்டதும் "தப்பித்தோம்" என்று சோதனையே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இந்த மாத்திரை மாதவிடாயை வரவழைக்கும் மருந்து இல்லை. மாதவிடாய் பெரும்பாலும் வழக்கமான தேதியை ஒட்டி, ஏழு நாள் முன்னே பின்னே வரும். அந்தத் தேதியைத் தாண்டி ஒரு வாரம் ஆகியும் வராவிட்டால், அல்லது வழக்கத்தைவிட மிகக் குறைவாக வந்தால், சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். சுழற்சி ஒழுங்கில்லாதவர்கள் உறவு நடந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். ஒரு பக்க அடிவயிற்றில் கடுமையான வலி, மயக்கம், தோள்பட்டை வலி ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கரு, குழாயில் தங்கியிருக்கலாம்.

அட்டையைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். சொல்லிப் புரியாதது பார்த்தால் புரியும். "லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி." என்று இருந்தால் ஒரே மாத்திரை. "0.75 மி.கி." என்று இருந்தால் இரண்டு மாத்திரை. பழைய முறைப்படி ஒன்றைப் போட்டு, 12 மணி நேரம் கழித்து இன்னொன்று போட வேண்டும். இரவு மூன்று மணிக்கு எழுந்து இரண்டாவதைப் போடுவதாக இருந்தவர்கள் தூங்கிப்போவது இயல்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டாலும் பலன் அதேதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2002-இல் காட்டியது. எனவே சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

அந்த அட்டையோடு இன்னும் மூன்று அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால் நல்லது: 21 அல்லது 28 மாத்திரை கொண்ட தினசரி அட்டை, மாதவிடாயைத் தள்ளிப்போடும் நார்எதிஸ்டெரோன், கருக்கலைப்புக்கான அட்டை. கருக்கலைப்பு அட்டையில் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்றும் மிசோப்ரோஸ்டால் நான்கும் இருக்கும். கடையில் கூச்சத்தோடு மெதுவாகக் கேட்கும்போது இவை மாறிப்போகின்றன. நார்எதிஸ்டெரோன் அவசரக் கருத்தடை ஆகாது. கருக்கலைப்பு மருந்தை மருத்துவர் பார்க்காமல் போட்டால் அதிக ரத்தப்போக்கு வந்து ஆபத்தில் முடியலாம். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். வாய் திறந்து கேட்கத் தயங்குபவர் சீட்டை நீட்டினால் போதும்.

கிராமத்துக் கூட்டத்துக்கு வருவோம். அங்கே உங்கள் நேரத்தில் பாதியைக் கடிகாரத்துக்கே ஒதுக்குங்கள். மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றால் பலருக்குப் பிடிபடாது. மூன்று நாள் என்றால் நான்காம் நாள் காலை வரை என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை இரவு 11 மணி என்றால் செவ்வாய்க்கிழமை இரவு 11 மணியோடு முடிகிறது. இப்படி ஒரு கிழமையும் நேரமும் கொடுத்து, விரல் விட்டு எண்ணி அவர்களையே சொல்ல வையுங்கள். அதோடு, கடைசி மணி வரை காத்திருக்கலாம் என்று பொருள் இல்லை என்பதையும் சொல்லுங்கள். 1998-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டு ஆய்வில், லெவோநார்ஜெஸ்ட்ரல் முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் 95 விழுக்காடும், இரண்டாம் நாளில் 85 விழுக்காடும், மூன்றாம் நாளில் 58 விழுக்காடும் கர்ப்பத்தைத் தடுத்தது.

இந்த எண்களை அப்படியே சொன்னால் ஒரு தவறு நேரும். 58 விழுக்காடு என்றதும், நூறு பேரில் 42 பேர் கர்ப்பமாகிவிடுவார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. சுழற்சியின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஒரு முறை பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட 100 பெண்களில் சுமார் 8 பேர் கர்ப்பமாவார்கள். காலத்தில் மாத்திரை போட்டால் அந்த 8, ஏறத்தாழ 1 ஆகக் குறையும். எட்டுக் கூழாங்கல்லை வைத்து ஏழை எடுத்துக் காட்டுங்கள், விழுக்காடே தேவைப்படாது.

72 மணி நேரம் தாண்டி நான்காம், ஐந்தாம் நாளில் வருபவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் 120 மணி நேரம் வரை ஓரளவு உதவும், பலன் குறைவு. அந்த நிலையில் இன்னும் நல்லது இரண்டு உண்டு. ஒன்று, யூலிப்ரிஸ்டல் அசிடேட் 30 மி.கி. மாத்திரை. எல்.ஹெச். ஏறத் தொடங்கிய பிறகும், உச்சத்தைத் தொடும் முன்பு வரை, இதனால் முட்டையை நிறுத்திவைக்க முடியும், ஐந்து நாள் வரை நன்றாக வேலை செய்யும். எல்லா நாட்டிலும் இது கிடைப்பதில்லை. இதைப் போட்டவர்கள் ஹார்மோன் கருத்தடை எதையும் தொடங்க 5 நாள் பொறுக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். மற்றது, காப்பர் டி. ஐந்து நாளுக்குள் பொருத்திவிட்டால் 99 விழுக்காட்டுக்கு மேல் காக்கும். அவசரக் கருத்தடை முறைகளிலேயே மிக உறுதியானது இதுதான். அப்படியே விட்டுவைத்தால் 380ஏ வகை பத்து ஆண்டு வரை கருத்தடையாக நிற்கும். குழந்தை போதும் என்று இருக்கும் கிராமத்துப் பெண்ணுக்கு இது ஒரே பயணத்தில் இரண்டு வேலையை முடித்துக் கொடுக்கும். இருந்தும் கூட்டங்களில் இதைச் சொல்பவர்கள் குறைவு. நீங்கள் அவசியம் சொல்லுங்கள்.

கிராமத்தில் அறிவு வந்த பிறகும் தடையாக நிற்பது தூரம். இரவில் நடந்தது, மறுநாள் கடை இல்லை, அதற்கடுத்த நாள் துணைக்கு ஆள் இல்லை என்று மூன்று நாளும் ஓடிவிடும். இதற்கு உருப்படியான வழி, தேவை வரும் முன்பே ஒரு அட்டையை வாங்கி வீட்டில் வைத்திருப்பதுதான். முன்கூட்டியே கொடுத்து வைப்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்கிறது. வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் வைத்து, காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். போடுவதற்கு முன் பரிசோதனையோ ரத்தச் சோதனையோ தேவையில்லை, வயது வரம்பும் இல்லை.

அவசர மாத்திரை எங்குமே கிடைக்கவில்லை, ஆனால் தினசரி கருத்தடை அட்டை இருக்கிறது என்றால் ஒரு பழைய முறை உண்டு. கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே 1974-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது அது. எதினைல் எஸ்ட்ராடயால் 30 மைக்ரோகிராமும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையில் நான்கு, 12 மணி நேரம் கழித்து மறுபடி நான்கு. அட்டையின் கடைசி வரிசையில் நிறம் மாறி இருக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளை இதில் எண்ணக் கூடாது. வேறு சேர்மானம் உள்ள அட்டைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. குமட்டலும் வாந்தியும் அதிகம், பலனும் குறைவு. 1998 ஆய்வில் இம்முறையில் 3.2 விழுக்காட்டினர் கர்ப்பமானார்கள், லெவோநார்ஜெஸ்ட்ரலில் 1.1 விழுக்காடு. கூட்டத்தில் பொதுவாகச் சொல்ல வேண்டாம். செவிலியரிடம் கேட்டு அட்டையைக் காட்டிச் செய்யட்டும்.

யாருக்கு இந்த மாத்திரை தேவைப்படும் என்று கேட்டால் ஆணுறை கிழிந்ததை மட்டும் சொல்லாதீர்கள். தினசரி மாத்திரையைத் தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ மறந்தவர், மூன்று மாத ஊசியில் நான்கு வாரத்துக்கு மேல் தாமதித்தவர், கணவர் வெளியே எடுத்துவிடுவதை நம்பி இருந்தவர், நாள் கணக்கு தவறியவர் எல்லோருக்கும் தேவைப்படும். பால் கொடுப்பதையே கருத்தடையாக நம்பும் தாய்மார்களிடம் தனியாகப் பேசுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமல், தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால்தான் அந்த நம்பிக்கை செல்லும். மூன்றில் ஒன்று விலகினாலும் காப்பு போய்விடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டுவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம். யூலிப்ரிஸ்டல் என்றால் ஒரு வாரம் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை உடனே போட வேண்டும். யூலிப்ரிஸ்டலுக்கு மூன்று மணி நேரம். தலைவலி, அசதி, குமட்டல், மார்பில் வலி எல்லாம் ஓரிரு நாளில் அடங்கும்.

பலரும் விட்டுவிடும் கேள்வி, "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்பது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான பினைட்டாய்ன், கார்பமசபின், பினோபார்பிட்டால், ஹெச்.ஐ.வி. சிகிச்சையில் எஃபாவிரென்ஸ் ஆகியவை கல்லீரலை வேகமாக வேலை செய்யவைத்து, கருத்தடை மருந்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கரைத்துவிடும். இவர்களுக்குக் காப்பர் டி சிறந்தது. முடியாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் இரு மடங்கு, அதாவது 3 மி.கி. போட வேண்டும். யூலிப்ரிஸ்டல் வேண்டாம். உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலின் பலன் குறையலாம். அவர்களுக்குக் காப்பர் டி, அல்லது யூலிப்ரிஸ்டல், அதுவும் இல்லையென்றால் 3 மி.கி. இதைக் கூட்டத்தில் சொல்லும்போது யாரையும் பார்க்காமல் எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

எந்த மாத்திரையும் பால்வினை நோயைத் தடுக்காது. வன்முறைக்கு ஆளான பெண் யாராவது உங்களிடம் வந்தால் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவர் சம்மதித்தால் கூடவே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்களைத் தனியாக அழைத்துக் கேட்டாரே, பத்து நாள் ஆனவர், அவரிடம் கூட்டம் வரை காத்திருக்காமல் இப்போதே போய்ப் பேசுங்கள். அவசர மாத்திரைக்கான காலம் கடந்துவிட்டது, இப்போது போட்டால் உடம்புக்குக் கேடில்லை, பயனும் இல்லை. உறவு நடந்து 21 நாள் நிறையும் தேதியை அவரோடு உட்கார்ந்து எண்ணிக் குறித்துக் கொடுங்கள். அன்று சிறுநீர்ப் பரிசோதனை செய்யட்டும். அதுவரை ஒவ்வொரு உறவுக்கும் ஆணுறை. யாராவது "வெளியே வர வைக்க" மருந்து கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கர்ப்பம் உறுதியானால், எந்த முடிவு எடுத்தாலும் மருத்துவரிடம் சீக்கிரம் போவதே அவருக்குப் பாதுகாப்பு. சோதனை நாளன்று நீங்களும் அவரோடு இருப்பதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.